துபாயை எந்த வரிசையில் பார்ப்பது? கிரீக் கரையிலிருந்து 124-ஆம் மாடி வரை ஒரு முழு வழிகாட்டி

அமீரகத்தின் ஒரு திர்ஹம் காசைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் வளைந்த மூக்கோடு ஒரு காபிக் கூஜா இருக்கும். அரபியில் அதற்குத் தல்லா என்று பெயர். 50 ஃபில்ஸ் காசில் மூன்று எண்ணெய்க் கிணற்றுக் கோபுரங்கள், 25 ஃபில்ஸில் ஒரு பாலைவன மான். பழைய காகித 100 திர்ஹம் நோட்டு கிடைத்தால் அதையும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் அல் ஃபஹீதி கோட்டை, மறுபக்கம் 1979-ல் திறந்த உலக வர்த்தக மையம். துபாயில் பார்க்க வேண்டியது எல்லாம் இப்படிப் பணத்திலேயே அச்சாகிக் கிடக்கிறது.

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை இங்கே பலமுறை சுற்றிக் காட்டியிருக்கிறேன். வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "புர்ஜ் கலீஃபா எப்போ?" முதல் இரண்டு மூன்று தடவை அவர்கள் கேட்டபடியே முதல் நாளே கூட்டிக்கொண்டு போனேன். மேலே நின்று படம் எடுத்தார்கள், பத்து நிமிடத்தில் "சரி, இறங்கலாமா" என்றார்கள். கீழே தெரிந்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊரைப் பார்க்காமல் ஊரின் உச்சிக்கு ஏற்றியது என் தவறு என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டேன். முதலில் கிரீக் என்னும் பழைய ஊர்க் கழிமுகம், அப்புறம் பாலைவனம், அப்புறம் கடற்கரை, கடைசியில்தான் கோபுரம். நான்கு நாள் போதும்.

கிளம்பும் முன்

நவம்பர் முதல் மார்ச் வரை வாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தப் பருவத்தில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உழைத்துப் பழகிய உடம்புக்கே அப்படி என்றால், குழந்தைகளோடும் பெரியவர்களோடும் தெருவில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மாதங்களில் மால்களைத்தான் பார்க்க முடியும்.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுவது வழக்கம். டிக்கெட் எடுக்கும் விமான நிறுவனம் வழியாகவோ பயண முகவர் வழியாகவோ எடுக்கலாம்.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கசகசா இங்கே தடை செய்யப்பட்ட பொருள். நம் வீட்டுக் குருமாவுக்கு அது சாதாரணச் சாமான், இங்கே போதைப்பொருள் சட்டத்தில் வரும். அரைத்து வைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருந்தால் அதையும் விட்டுவிட்டு வாருங்கள். பான், குட்காவும் வேண்டாம். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் மருந்து வகைகளில் சிலவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. எந்த மருந்தாக இருந்தாலும் டாக்டர் சீட்டோடு, அட்டையிலிருந்து பிரிக்காமல் கொண்டுவாருங்கள். தேவை என்றால் முன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தின் 1, 3 முனையங்களிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கேயே சில்வர் நோல் கார்டு வாங்கிவிடுங்கள். விலை 25 திர்ஹம், அதில் 19 திர்ஹம் பயணத்துக்கு. இதே கார்டு பேருந்துக்கும் டிராமுக்கும் செல்லும். மெட்ரோவில் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, சூயிங்கம் மெல்லக் கூடாது. பிடித்தால் 100 திர்ஹம் அபராதம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி இருக்கிறது, தரையில் கோடு போட்டிருப்பார்கள். கூட்ட நெரிசலில் நம் ஆண்கள் தெரியாமல் அந்தக் கோட்டைத் தாண்டி நின்று மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ரமலான் மாதத்தில் வந்தால் பகலிலும் உணவகங்கள் திறந்திருக்கும். ஆனாலும் தெருவில் நடந்துகொண்டே சாப்பிடாதீர்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் ஊர் மாறும் விதத்தைப் பார்ப்பதற்காகவே அந்த மாதத்தில் ஒருமுறை வரலாம்.

முதல் நாள்: கிரீக்

துபாய் பிறந்த இடம் இந்தக் கழிமுகம்தான். எண்ணெய் கிடைத்தது 1966-ல். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே ஊர் இருந்தது. முத்துக் குளித்தார்கள், மீன் பிடித்தார்கள், சரக்கு ஏற்றி இறக்கினார்கள். 1930-களில் ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் முத்துத் தொழில் படுத்துவிட்டது. அப்புறம் 1960-ஐ ஒட்டி, குவைத்திடம் கடன் வாங்கி, மணல் மூடிக் கிடந்த இந்தக் கிரீக்கைத் தோண்டி ஆழப்படுத்தினார்கள். பெரிய மரக்கலங்கள் உள்ளே வந்தன. எண்ணெய்க்கு முன்னால் எடுத்த அந்த முடிவுதான் துபாயின் அடித்தளம் என்று நான் நினைக்கிறேன். அந்தக் காலத்தில் இங்கே புழங்கியதும் நம் ரூபாய்தான். 1966 வரை இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட வளைகுடா ரூபாய் செல்லுபடியானது. திர்ஹம் வந்தது 1973-ல்.

காலை எட்டு மணிக்கெல்லாம் அல் ஃபஹீதி பழைய குடியிருப்புக்குப் போய்விடுங்கள். பச்சை வழித்தடத்தில் ஷரஃப் டிஜி நிலையத்தில் இறங்கி நடக்கலாம். பெரியவர்கள் இருந்தால் டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் கட்டிய வீடுகள் இவை. அதனால் பஸ்தகியா என்று இன்னொரு பெயரும் உண்டு. 1980-களில் இதில் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள். மிச்சமும் போயிருக்கும். 1989-ல் இங்கே வந்த அன்றைய பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ், இதைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டதும் அது தப்பியதற்கு ஒரு காரணம்.

சந்துகள் ஏன் இவ்வளவு குறுகல் என்று யோசித்துக்கொண்டே நடங்கள். ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டுச் சுவரில் விழ வேண்டும், அதற்காகத்தான். சுவரைத் தொட்டுப் பாருங்கள். கடலிலிருந்து எடுத்த பவளக்கல், ஜிப்சக் காரை. கல்லில் சின்னச் சின்னத் துளைகள் கண்ணுக்கே தெரியும். அந்தத் துளைக் காற்றுதான் வெயிலை உள்ளே விடாமல் தடுத்தது.

வீட்டுக்கு மேலே சதுரமாக நிற்பது பர்ஜீல், அதாவது காற்றுக் கோபுரம். நாலு பக்கமும் திறப்பு, உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்குச் சுவர். எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தாலும் அந்தப் பக்கத்துச் சுவரில் மோதிக் கீழே இறங்கும், சூடான காற்று எதிர்ப்பக்கம் வழியாக மேலே போய்விடும். வெளியே நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய், கோபுரத்துக்கு நேர் கீழே இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நெற்றி வேர்வையில் சில்லென்று ஒரு காற்று படும். என் பெரியம்மா அங்கே நின்றுகொண்டு, "நம்ம ஊர் முற்றத்து வீட்டுத் திண்ணையில உட்கார்ந்த மாதிரி இருக்கே" என்றார். மூன்றாம் நாள் இந்தக் கோபுரத்தை வேறு இடத்தில் மறுபடி பார்ப்பீர்கள். அதனால் இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே பகுதியில் ஷேக் முகம்மது பண்பாட்டுப் புரிதல் மையம் இருக்கிறது. 1998-ல் தொடங்கியது. முன்பதிவு செய்தால் அமீரகத்தவர் ஒருவரோடு தரையில் உட்கார்ந்து காலை உணவோ மதிய உணவோ சாப்பிடலாம். சாப்பிட்டுக்கொண்டே எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆண்கள் ஏன் வெள்ளை உடுத்துகிறார்கள், பெண்கள் ஏன் கறுப்பு, கல்யாணம் எப்படிப் பேசுவார்கள் என்று எல்லாவற்றையும் கேட்கலாம். இந்த நாலு நாளில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். துபாயில் அமீரகத்தவர் மக்கள்தொகையில் சிறுபான்மை. பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓர் அமீரகக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசாமலே ஊர் திரும்பும் நம் ஆட்கள் ஏராளம்.

அங்கே பலாலீத் வைப்பார்கள். இனிப்புச் சேமியாவின் மேல் முட்டைப் பொரியல் மாதிரி ஒன்றைப் போர்த்தியிருக்கும். ஏலக்காயும் குங்குமப்பூவும் மணக்கும். முதல் வாயில் நாக்கு குழம்பும், மூன்றாவது வாயில் பிடித்துப்போகும். லுகைமாத் என்பது பொரித்த சின்ன மாவு உருண்டை, மேலே பேரீச்சம்பழப் பாகு. குழந்தைகள் அதை விட மாட்டார்கள்.

கஹ்வா என்னும் அரபுக் காபியைக் குடிக்கும் முறையை இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் இடது கையில் தல்லாவைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தை நீட்டுவார். அதற்கு ஃபின்ஜான் என்று பெயர். வலது கையால் வாங்குங்கள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம்தான் ஊற்றியிருப்பார். குறைவாகத் தருகிறார் என்று நினைக்காதீர்கள், நிரப்பித் தருவது "குடித்துவிட்டுக் கிளம்பு" என்று சொல்வதற்குச் சமம். காலியான கிண்ணத்தை நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருப்பார். போதும் என்றால் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. இனிப்புக்குப் பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொள்ள வேண்டும். அரபுக் காபி 2015-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

பக்கத்திலேயே 1787-ல் கட்டிய அல் ஃபஹீதி கோட்டை. துபாயில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான். நீண்ட நாளாகப் புதுப்பிப்பு வேலை நடந்துவருவதால் உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு, பையிலிருக்கும் பழைய 100 திர்ஹம் நோட்டை எடுத்து ஒப்பிடலாம். வெயில் ஏறியதும் ஷிந்தகா அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். அங்கே வாசனைத் திரவியங்களுக்கென்றே ஒரு தனி வீடு இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

மாலை நாலு மணிக்குத் துணிச் சந்தை வழியாக அப்ரா துறைக்கு வாருங்கள். கூரை மட்டும் போட்ட மரப்படகு, நடுவில் முதுகோடு முதுகாக உட்காரும் பலகை. தேராவுக்கு அக்கரை சேர ஒரு திர்ஹம். அந்தக் காபிக் கூஜா காசை இங்கேதான் கொடுக்க வேண்டும். பாகிஸ்தான்காரர், வங்காளதேசத்துக்காரர், மலையாளி, வேலை முடித்துத் திரும்பும் நம் தமிழ்ப் பையன், கையில் வரைபடத்தோடு ஒரு வெள்ளைக்காரர் என்று எல்லோரும் அந்த ஒரே பலகையில்தான். டீசல் வாடையும் உப்புக் காற்றும் கலந்து அடிக்கும். இந்த ஐந்தாறு நிமிடத்தை விடச் சிறந்த சவாரி துபாயில் எனக்குத் தெரியாது. இரவு விருந்தோடு ஓடும் அலங்காரப் படகுகளும் கிரீக்கில் உண்டு. அப்ராவில் போன பிறகு அதற்குச் செலவு செய்யலாமா என்று முடிவு செய்யுங்கள்.

அக்கரையில் இறங்கியதும் மசாலாச் சந்தை. காய்ந்த கறுப்பு எலுமிச்சை, குங்குமப்பூ, மூட்டை மூட்டையாக லுபான். லுபான் என்பது நம் ஊரில் பறங்கிச் சாம்பிராணி என்கிறோமே, அதுதான். ஊத் என்று விலை சொல்வது அகில் கட்டை. அரபு வீடுகளில் விருந்தாளி வந்தால் இந்தப் புகையைத் துணியில் பிடிக்க வைத்து அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை தலை குளித்துச் சாம்பிராணி போட்டுக்கொள்ளும் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வாசனையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து நடந்தால் தங்கச் சந்தை. 63 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு மோதிரத்தைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், உலகின் மிகப் பெரிய தங்க மோதிரம் அது. வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அன்றைய கிராம் விலை எல்லாக் கடையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பேரம் பேச வேண்டியது செய்கூலியில். நாலு கடையில் செய்கூலி கேட்டுவிட்டு வாங்குங்கள். 5 சதவிகித வாட் வரியைச் சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்தில் திரும்பப் பெற வழி உண்டு, அதற்குக் கடையிலேயே பாஸ்போர்ட் காட்டி ரசீது போட வேண்டும். இந்தியச் சுங்கத்தில் நகைக்குத் தரும் வரிச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர்களுக்குத்தான். நாலு நாள் வந்துபோகிறவர்கள் அதை நம்பி வாங்க வேண்டாம்.

இருட்டுவதற்குள் கரையோரமாகக் கொஞ்சம் நடந்து, சரக்கு ஏற்றும் மரக்கலங்களைப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டி, டயர், அரிசி மூட்டை, மெத்தை என்று ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகும் சரக்குகளை ஏற்றி இறக்குவார்கள். தூத்துக்குடித் தோணியைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் சொந்தம் சட்டென்று புரியும்.

இரண்டாம் நாள்: பாலைவனம்

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"டெசர்ட் சஃபாரி" என்று மலிவு விலையில் விற்பது எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மதியம் மூன்று மணிக்கு வண்டி வரும். மணல்மேட்டில் அரை மணி ஏற்றி இறக்கும் சவாரி, ஒட்டகத்தின் மேல் ஒரு சுற்று, கையில் மருதாணி, கபாப், மேடையில் இடுப்பாட்டம், சுழல் பாவாடை ஆட்டம். அந்த இடுப்பாட்டத்துக்கும் சுழல் பாவாடை ஆட்டத்துக்கும் இந்தப் பாலைவனத்தோடு சம்பந்தம் கிடையாது. தனூரா என்னும் அந்தச் சுழலாட்டம் எகிப்திலிருந்து வந்தது. இந்த மண்ணின் ஆட்டம் அய்யாலா. ஆண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, மெல்லிய மூங்கில் கழிகளைத் தூக்கி, மேளத்துக்கு ஏற்பத் தலையையும் கழியையும் சேர்த்து அசைப்பார்கள். ஓமானும் அமீரகமும் சேர்ந்து 2014-ல் அதை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தன. முகாமில் அய்யாலா கிடைக்காவிட்டால், தேசிய தினமான டிசம்பர் 2-ஐ ஒட்டி வந்தால் ஊருக்குள்ளேயே பல இடங்களில் பார்க்கலாம்.

ஒருமுறை விலை குறைவு என்று ஒரு நிறுவனத்தில் பதிவு செய்து, பெரியம்மா குடும்பத்தை அனுப்பினேன். முதுகு வலி உள்ளவர் இருக்கிறார் என்று முன்பே சொல்லியிருந்தேன். அப்படியும் கடைசி வரிசையில் உட்கார வைத்து மணல்மேட்டில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். மூன்று நாள் அவரால் நிமிர முடியவில்லை. அதனால் சொல்கிறேன். முதுகு வலி, கர்ப்பம், இதயக் கோளாறு, சிறு குழந்தை என்றால் மணல்மேட்டுச் சவாரியே வேண்டாம். நேரே முகாமுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், அப்படி ஏற்பாடு செய்வார்கள். போகிறவர்களும் மதியம் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்.

சவாரி தொடங்கும் முன் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி டயர்களில் காற்றை இறக்குவார். இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். குந்தி உட்கார்ந்து, வால்வில் ஒரு சின்ன ஆணியை அழுத்திக்கொண்டு, "உஸ்" என்ற சத்தத்தைக் காதால் கேட்டே அளவு சொல்லிவிடுவார். காற்று குறைந்ததும் டயர் தட்டையாக விரிந்து மணலின் மேல் மிதக்கும். ஒட்டகத்தின் பாதமும் அப்படித்தான், மிதிக்கும்போது விரிந்து கொடுக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தானாகப் புரியும்.

மலிவுச் சவாரிகள் பெரும்பாலும் லஹ்பாப் பக்கத்துச் சிவப்பு மணல்மேடுகளுக்குப் போகும். இரும்புத் துருதான் அந்த நிறத்துக்குக் காரணம். சாயங்கால வெளிச்சத்தில் மிக அழகு, மறுக்க மாட்டேன். ஆனால் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் துபாய் பாலைவனக் காப்பகத்துக்குள் போகும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். 225 சதுர கிலோமீட்டர், அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே உள்ளே போகலாம். அரபு ஓரிக்ஸ் என்னும் வெள்ளை மானை அங்கே பார்க்கலாம். நீண்டு நேராகப் போகும் இரண்டு கொம்புகள். 1970-களின் தொடக்கத்தில் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் அழிந்துபோன இனம். காப்பகங்களில் மிச்சமிருந்தவற்றை வைத்துப் பெருக்கி மறுபடி மணலில் விட்டிருக்கிறார்கள். காசைக் கொட்டிக் கட்டிய உயரங்களை விட, காசைக் கொட்டித் திரும்பக் கொண்டுவந்த இந்த மான்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு இந்த ஊரின் மேல் மரியாதை கூடுகிறது.

மணலுக்கு நடுவே தனியாக நிற்கும் மரத்தைக் காட்டி "காஃப்" என்பார்கள். அமீரகத்தின் தேசிய மரம். கிட்டே போய் இலையைப் பாருங்கள், நம் வன்னி மரம்தான் அது. விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கும் அதே இனம். வேரை மிக ஆழத்துக்கு விட்டு நீர் எடுக்கும். அதன் நிழலில்தான் பாலைவன நாடோடிகளான பெதூவின் மக்கள் கூடிப் பேசினார்கள், ஒட்டகத்துக்கு அதன் தழைதான் தீனி. என்னோடு வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வல்லூறு காட்டும் இடத்தில் ஒரு தடவை கையில் வைத்துப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல் கேள்வி கேளுங்கள். இலையுதிர் காலத்தில் வலசை வரும் பறவையைப் பிடித்து, சில வாரங்களில் பழக்கி, குளிர்காலம் முழுக்க வேட்டையாட வைத்து, வசந்தத்தில் திரும்ப விட்டுவிடுவது பழைய வழக்கம். கறி கிடைப்பதே அரிது என்ற நிலத்தில் அது விளையாட்டாகத் தொடங்கவில்லை, சோற்றுக்காகத் தொடங்கியது. இன்றைக்கு வல்லூறுக்குத் தனிப் பாஸ்போர்ட் இருக்கிறது, அதைக் காட்டி எல்லை கடக்கலாம்.

குளிர்காலத்தில் இருட்டியதும் பாலைவனம் சில்லென்று ஆகிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

நேரமிருந்தால் இன்னொரு காலையை ஒட்டகப் பந்தயத்துக்கு ஒதுக்குங்கள். அக்டோபரை ஒட்டித் தொடங்கி ஏப்ரல் வரை, அல் ஐன் சாலைப் பக்கம் இருக்கும் அல் மர்மூம் மைதானத்தில் நடக்கும். விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும், எந்த நாளில் பந்தயம் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒட்டகங்களின் முதுகில் சின்ன ரோபோக்கள் உட்கார்ந்திருக்கும். ஒட்டகத்துக்கு இணையாக உரிமையாளர்களின் கார்கள் வரிசை கட்டி ஓடும், உள்ளிருந்து ரிமோட்டில் சாட்டையைச் சுழற்றி, கருவி வழியாகக் குரல் கொடுப்பார்கள். முன்பு அந்த முதுகில் சிறுவர்கள் இருந்தார்கள். தெற்காசியாவிலிருந்தும் சூடானிலிருந்தும் கொண்டுவந்த ஏழைப் பிள்ளைகள். 2005-ல் அதைச் சட்டத்தால் தடுத்த பிறகுதான் ரோபோ வந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள்: ஜுமைரா கடற்கரை

காலை ஜுமைரா பள்ளிவாசல். முஸ்லிம் அல்லாதவர்களும் உள்ளே போகலாம், வழிகாட்டிகளே கூட்டிப்போய் விளக்குவார்கள். கையும் காலும் மூடிய உடை வேண்டும். பெண்களுக்குத் தலையில் போட்டுக்கொள்ளத் துணி அங்கேயே தருவார்கள். வெள்ளிக்கிழமை இந்தச் சுற்று இருக்காது.

அங்கிருந்து கடற்கரையோரமாக டாக்சியிலோ பேருந்திலோ உம்மு சுகைம் பக்கம் போனால் புர்ஜ் அல் அரப். 321 மீட்டர், 1999 டிசம்பரில் திறந்தது. முன்பதிவு இல்லாமல் பாலத்தைத் தாண்ட விட மாட்டார்கள். உள்ளே சுற்றிக் காட்டும் கட்டணப் பயணமும் உண்டு. எனக்கு அது பொதுக் கடற்கரையில், ஈர மணலில் உட்கார்ந்து பார்க்கத்தான் பிடிக்கும். காற்று நிறைந்து புடைத்த பாய் மாதிரி நிற்கிறது இல்லையா? முதல் நாள் கிரீக்கில் பார்த்த மாதிரி மரக்கலங்கள் ஒரு காலத்தில் விரித்த பாயை அது நினைவுபடுத்துகிறது. கிரீக்கைப் பார்க்காமல் இங்கே வருகிறவர்களுக்கு இது வெறும் பணக்கார ஹோட்டலாகத்தான் தெரியும்.

எதிரிலேயே மதீனத் ஜுமைரா. உள்ளே நடக்கக் காசு இல்லை. வாய்க்கால், மரப்படகு, மேலே வரிசையாகக் காற்றுக் கோபுரங்கள். இங்கேதான் முதல் நாள் பாடம் உதவும். பர்ஜீலுக்கு நேர் கீழே போய் நின்று பாருங்கள். முகத்தில் காற்று படாது, ஏசிதான் ஓடிக்கொண்டிருக்கும். வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு ஊர் தன் பாட்டி வீட்டை மறக்காமல் புது வீட்டு முகப்பில் வரைந்து வைத்திருக்கிறது. ஆனால் எது வாழ்ந்த கோபுரம், எது வரைந்த கோபுரம் என்று பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடலில் பனை வடிவில் கட்டிய செயற்கைத் தீவான பாம் ஜுமைராவை மோனோரயிலில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தரையில் நின்றால் பனை வடிவம் தெரியாது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் கராமாவுக்கோ மீனா பஜாருக்கோ வந்துவிடுங்கள். அது ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் இன்னும் நல்லது. தமிழ்ப் பெயர்ப்பலகை, மல்லிகைப்பூ, தோசைக்கல் சத்தம். வாரத்தில் ஒரே நாள் விடுமுறை கிடைத்த நம் பையன்கள் சலூனிலும், ஊருக்குப் பணம் அனுப்பும் கடையிலும், மொபைல் கடையிலும் நிற்பார்கள். நாளைக்கு ஏறப் போகும் கோபுரங்களுக்குச் சாரம் கட்டியவர்கள், குழாய் பொருத்தியவர்கள், கண்ணாடி துடைப்பவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டுச் சம்பாத்தியக்காரரைச் சபுராளி என்பார்கள். ஒரு கடக் தேநீர் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்று, "எந்த ஊர் தம்பி?" என்று கேளுங்கள். எந்தக் கோபுரத்தில் வேலை பார்த்தேன் என்று கை நீட்டிக் காட்டுவார்கள்.

நான்காம் நாள்: உயரங்கள்

காலையில் வருங்கால அருங்காட்சியகம். சிவப்பு வழித்தடத்தில் எமிரேட்ஸ் டவர்ஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். 2022 பிப்ரவரி 22-ல் திறந்தது. நடுவில் ஓட்டை விட்ட முட்டை வடிவக் கட்டடம், உடம்பெல்லாம் அரபு எழுத்து. அந்த எழுத்துகள்தான் ஜன்னல்கள், உள்ளே வெளிச்சம் எழுத்து வடிவத்தில் விழும். எழுதியவர் அமீரகக் கலைஞர் மத்தர் பின் லாஹிஜ். டிக்கெட் எடுக்காவிட்டாலும் வெளியே நின்று எழுத்தைப் பார்ப்பதற்காகவாவது போங்கள்.

மதியம் துபாய் மால். மீன் காட்சியகத்தின் பெரிய கண்ணாடிச் சுவரை வெளியே நின்றே பார்க்கலாம், அதற்குக் காசு கிடையாது. மெட்ரோவிலிருந்து மாலுக்கு ஏசி போட்ட நீண்ட நடைபாதை, பெரியவர்கள் இருந்தால் நேரம் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

புர்ஜ் கலீஃபா டிக்கெட்டைப் பல நாள் முன்பே ஆன்லைனில் எடுத்திருக்க வேண்டும். 124, 125-ஆம் மாடிக்கு ஒரு விலை, 148-க்கு அதைவிடப் பல மடங்கு. 124 போதும், அதில் திறந்த வெளி மேடையும் இருக்கிறது. சூரியன் சாயும் நேரத்துக்கு விலை கூடும். இந்த ஒன்றில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். சூரிய அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மேலே இருக்கும்படி நேரம் எடுங்கள். 828 மீட்டர் கோபுரம், 2010 ஜனவரி 4-ல் திறந்தது, லிஃப்டில் காது அடைக்கும் முன் மேலே போய்விடுவீர்கள்.

மேலே போனதும் எல்லோரும் கடலைப் பார்த்த பக்கம் ஓடுவார்கள். நீங்கள் முதலில் வடகிழக்குப் பக்கம் போங்கள். கட்டடங்களுக்கு நடுவே வளைந்து உள்ளே வரும் ஒரு தண்ணீர்க் கோட்டைத் தேடுங்கள். அதுதான் கிரீக். ஒரு திர்ஹம் கொடுத்துக் கடந்த தண்ணீர். அப்புறம் மேற்கே திரும்பினால் கடல், கரையோரம் பாய் விரித்த புர்ஜ் அல் அரப். கடைசியாகக் கிழக்குப் பக்கம். வீடுகள் குறைந்து, சாலைகள் மெலிந்து, ஓர் இடத்தில் பழுப்பு மணல் தொடங்கும். வானம் தெளிவாக இருந்தால் அந்த எல்லை நன்றாகத் தெரியும். இருட்டியதும் அந்தப் பக்கம் மட்டும் விளக்குகள் சட்டென்று நின்றுபோகும்.

இந்த வரிசையில் கூட்டிப்போன பிறகு, பெரியம்மா மேலே ஒன்றே கால் மணி நேரம் நின்றார். "அந்த வன்னி மரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கிழக்கே காட்டினேன்.

கீழே வந்தால் நீரூற்று ஆட்டம் நடக்கும், மாலையில் அரை மணிக்கு ஒருமுறை, இலவசம். பாலத்தின் மேல் இடம் பிடிக்கப் பத்து நிமிடம் முன்பே நில்லுங்கள். கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு என்று நிலையத்தில் இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாரநாளுக்கும் வார இறுதிக்கும் அந்த நேரம் மாறும்.